நீ சொல்றதுதான் பாயிண்ட்

யாராவது பேச ஆரம்பித்தால் பாஸ் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். மடக்காமல் அப்படியே தொந்தியின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். எதிரில் இருப்பவர் என்ன பேசினாலும், போன வாரத்து மழையைப் பற்றிப் பேசினாலும்கூட, தலை மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும். பேச்சு முடிந்ததும் கண்ணைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, எதிராளியின் முழங்கையை ஒரு தொடு தொட்டு, "நீ சொல்றதுதான் பாயிண்ட்" என்பார்.

இதில் ஒரு துளிகூட நடிப்பு இல்லை. சங்கடமே அதுதான். நடிக்கத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் எங்கள் கால்பந்து கிளப் எப்போதோ உருப்பட்டிருக்கும். அவர் அந்த நிமிடம் மனதார நம்பினார். அடுத்த நிமிடம் இன்னொருத்தர் வந்து நேர் எதிராகச் சொன்னால் அதையும் மனதார நம்பினார். கடைசியாக யார் வாயிலிருந்து சொல் விழுந்ததோ அதுதான் அவருடைய முடிவு. அதுவும் அடுத்த ஆள் வந்து நாற்காலியை இழுத்துப் போடும்வரைக்கும்தான்.

கிள்ளான் பக்கம் மேருவில் இருந்த அவருடைய கடையில் நான் கிளார்க்காக இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் கனோப்பி, நாற்காலி, மேசை, பெரிய விசிறி எல்லாம் வாடகைக்கு விடும் தொழில். கிள்ளானில் விசேஷம் என்றால் பாதித் தெருவை மறித்துக்கொண்டு ஒரு துணிக் கொட்டகை நிற்குமே, அதுதான் கனோப்பி. அந்தத் தொழிலில் பாஸை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாடிக்கையாளர் காலையில் சிவப்பு என்பார், மத்தியானம் பச்சை என்பார், லோரி கிளம்பும்போது போன் போட்டுத் தங்க நிறம் என்பார். பாஸ் முகம் சுளிக்காமல் தங்க நிறத்தை ஏற்றி அனுப்புவார். கடைசியாகச் சொன்னதைச் செய்வதுதான் அந்தத் தொழிலின் தர்மம். அதே தர்மத்தோடு கால்பந்துக்கு வந்துவிட்டார், பாவி மனிதர்.

வந்த கதையும் அப்படித்தான். கிளப்பின் ஆண்டுக் கூட்டத்துக்குக் கனோப்பி போட்டது நாங்கள். கூட்டம் முடிந்தால் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று பாஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பதவி விலகும் பழைய தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நல்ல மனுசன் முன்வந்தா இந்தக் கிளப் பொழைக்கும். இல்லன்னா இன்னையோட இழுத்து மூடிடுவோம்" என்று கண் கலங்கினாராம். அதற்குப் பிறகு யாரும் எழுந்து பேசவில்லை. யாராவது ஒரு ஆள், நன்றியுரை சொல்லவாவது எழுந்திருக்கக் கூடாதா? பின்னாலிருந்து ஒரு குரல், "நீங்க சொல்றதுதான் பாயிண்ட்" என்றது. எல்லாத் தலையும் திரும்பின. பழைய தலைவருக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடையை இவர் தோளில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, நேத்து ஒரு கிளப் எடுத்துட்டேன்லா."

"என்ன கிளப் பாஸ்?"

"பந்து ஆடுற கிளப். நீதான் செக்ரட்டரி. டீம் மேனேஜரும் நீதான்."

"ஐயோ பாஸ், ஆஃப்சைடுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. நீ டைப் பண்ணுவேல்ல?"

இப்படியாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் கால்பந்து நிர்வாகிகள் ஆனோம்.

அவருடைய நல்ல குணத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆகாது. பையன்கள் வெயிலில் உட்காரக்கூடாது என்று ஆட்டக்காரர்களுக்கு ஒரு கனோப்பி. அதன் கீழே கல்யாண நாற்காலிகள், முதுகில் சிவப்பு சாட்டின் துணியில் பெரிய முடிச்சோடு. எதிர் அணிக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு ஓய்வு நேரத்தில் வந்து அதில் உட்கார்ந்துகொள்வார்கள். ஐஸ் பெட்டி, தண்ணீர், பஸ், ஆட்டம் முடிந்ததும் பிரியாணி. யாருக்காவது கால் சுளுக்கினால் தன் காரிலேயே கிளினிக்குக்கு அனுப்புவார். பையன்கள் அவர்மேல் உயிராக இருந்தார்கள். அணியில் தன் இடம் என்ன என்று மட்டும் ஒருத்தனுக்கும் தெரியாது.

ஆட்டக்காரர் பட்டியலை நான் பென்சிலில்தான் எழுதுவேன். பேனாவில் எழுதிப் பார்த்தேன், காகிதம் தாங்கவில்லை. பக்கத்தில் நாசி லெமாக் சோறு விற்கும் ஆன்டி வந்து, "அந்த ஒல்லிப் பையன் நல்லா ஓடுறான் பாஸ்" என்றால் ஒல்லிப் பையன் உள்ளே. முடி வெட்ட பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வந்தால் அங்கே கத்திரி பிடித்தவரின் யோசனைப்படி நடுக்களத்தில் ஒரு ஆள் குறைந்திருப்பார். ஒருமுறை எங்கள் முன்னணி ஆட்டக்காரன் பதினைந்தாவது நிமிடத்தில் கோல் போட்டான். இருபதாவது நிமிடத்தில் பாஸ் அவனை வெளியே எடுக்கச் சொன்னார். ஏன் பாஸ் என்று கேட்டேன். "பக்கத்துல உக்காந்திருந்த அம்மா சொன்னாங்கம்மா, பையனுக்கு ரொம்ப வேர்க்குதுன்னு. பாவம்லா."

கோச்சுகளும் வந்தார்கள், போனார்கள். இரண்டு வருடத்தில் நாலு பேர். நாலாவதாக வந்தவர் ஸ்டீபன், பிரிக்ஃபீல்ட்ஸில் எலக்ட்ரீஷியன் வேலை. விஷயம் தெரிந்த மனிதர், வளவளவென்று பேசமாட்டார். அவரை மட்டுமே இரண்டு தடவை நீக்கி இரண்டு தடவை திரும்ப எடுத்தோம். இரண்டாவது நீக்கல் கடிதத்தை நான் டைப் செய்து முடிப்பதற்குள் திரும்ப எடுக்கும் கடிதத்தையும் டைப் செய்யச் சொல்லிவிட்டார் பாஸ். இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினேன். ஸ்டீபன் போன் பண்ணி, "எத மொதல்ல படிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

பாஸின் குணம் செயலவைக்காரர்களுக்கு, அதாவது கிளப் கமிட்டி ஆட்களுக்கு, பிடிபடக் கொஞ்ச நாள் ஆயிற்று. பிடிபட்டதும் கூத்து ஆரம்பித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேரு கடையில் கூட்டம். ஆறு பேர் வருவார்கள். பேச வேண்டியதெல்லாம் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கமாட்டார்கள். கடைசியாகப் பேசுகிறவர் பேச்சுதான் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியுமே. ஒருத்தர் கழிவறைக்குப் போகிற மாதிரி போய் வாசலைப் பார்ப்பார். மற்றவர்களின் செருப்பு இன்னும் கிடந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். விடைபெற்றுப் போனவர் காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, "சாவியை வெச்சிட்டுப் போயிட்டேன் போல" என்று மறுபடி வருவார். பொருளாளர் ஒருநாள் பழைய செருப்பு ஒரு ஜோடியை வாசலில் நிரந்தரமாகவே விட்டுவிட்டார். அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று நினைத்து மற்றவர்கள் சலித்துப்போய் வீட்டுக்குப் போகட்டும் என்று கணக்கு. சலித்துப்போனது நான்தான், அந்தச் செருப்பைத் தாண்டித் தாண்டி.

இந்த வித்தை தெரியாத ஒரே ஆள் ஸ்டீபன். இல்லை, தெரியும், அவரால் முடியாது. அவர் கார், மோட்டார் சைக்கிள் எதுவும் ஓட்டமாட்டார். கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் பிடித்துத்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் போகவேண்டும். அதனால் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசுவார். யாரை எங்கே நிறுத்துவது, ஏன் நிறுத்துவது என்று ஒரு தாளில் வரைந்து காட்டுவார். பாஸ் முழங்கையைத் தொட்டு, "நீ சொல்றதுதான் பாயிண்ட்" என்பார். ஸ்டீபன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடுவார். அவர் படியிறங்கும்போதே அந்தத் தாளும் செத்துவிடும். எங்கள் அணியின் தலையெழுத்து கோமுட்டர் ரயில் அட்டவணையில் எழுதப்பட்டிருந்தது என்றால் நீங்கள் நம்பவேண்டும்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை காலையில் பாஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல், வியாழக்கிழமை கடைசியாகப் போனவர் சொன்னதோடும் ஒத்துப்போகாது. பொருளாளர் சொன்னதும் இல்லை, உதவித் தலைவர் சொன்னதும் இல்லை. முக்கியமாக, எங்கள் கீப்பர் கவின் நாலு ஆட்டமாக வெளியே இருந்தான். ஆறு பேரில் ஒருத்தர்கூட அவனை வெளியே எடுக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நான்தானே கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்.

கவின் மேருவில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவன். ஏழு வருடமாக இதே கிளப். வாயைத் திறக்கமாட்டான், ஆனால் பந்தை விடமாட்டான். வெளியே உட்காரவைத்த நாலு ஆட்டமும் சாட்டின் முடிச்சு நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி ஆட்டத்தில் டிரா செய்தாலே மேல் டிவிஷனுக்குப் போகலாம் என்ற நிலை வந்தபோது என்னிடம் வந்தான்.

"அக்கா, எனக்கு இருபத்தொம்போது வயசு. இது போச்சுன்னா எனக்கு இன்னொன்னு இல்ல. நான் என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எல்லாரும் போன பிறகு பாஸ் எங்கே போகிறார்? காருக்கு. காரில் யார்? டிரைவர் பாலா அண்ணன். மேருவிலிருந்து வீட்டுக்கு, ஜாமில் முக்கால் மணி நேரம். அடக் கடவுளே, கடைசி ஆள் பாலா அண்ணன்!

மறுநாள் அவர் கார் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அண்ணே, டீம் விசயமா பாஸ்கிட்ட என்ன சொல்றீங்க?"

"நானா? எனக்கு பந்தாட்டமே பிடிக்காதும்மா. பேட்மிண்டன்தான் பாப்பேன்."

"ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அவரு கேப்பாரு, 'என்னடா பாலா, நீ என்ன நெனைக்கிறே?'ன்னு. சும்மா இருந்தா நல்லாருக்காதுலா. வாயில வந்தத சொல்லுவேன்."

"கவினப் பத்தி?"

துணியை உதறினார். "அந்த கீப்பரா? பெரிய திமிருக்காரன்மா. நானும் பாக்கும்போதெல்லாம் சிரிக்கிறேன், வாய இறுக்கி மூடிட்டுத் தலைய மட்டும் ஆட்டுறான். டிரைவர்தானேன்னு ஒரு எளக்காரம். அதான் சொன்னேன், மரியாத தெரியாதவன் எதுக்கு பாஸ்னு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு வருடம் ஆறு பேர் செருப்பை வைத்துக் காவல் காத்தார்கள். அணியைத் தேர்ந்தெடுத்தது பேட்மிண்டன் ரசிகர் ஒருவர்.

"அண்ணே, அவனுக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல. போன வருசம், நீங்களும் பாஸும் வராத ஒரு ஆட்டத்துல, கால்ல பாஞ்சு பந்தப் புடிச்சான், அப்ப எதிராளி பூட்ஸ் வாயில பட்டுச்சு. அதுலேர்ந்து யாரப் பாத்தும் சிரிக்கிறதில்ல. என்கிட்ட பேசுறப்பவே கைய வெச்சு மறைச்சிக்குவான்."

பாலா அண்ணன் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். "நான் ஒரு மடையன்மா" என்றார் கடைசியில். அந்தச் சனிக்கிழமை வந்த பட்டியலில் முதல் பெயர் கவின்.

கடைசி ஆட்டத்தன்று பாஸ் சும்மா இருப்பாரா? அம்பாங்கில் தரை ஓடு வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். மேல் டிவிஷனுக்குப் போனால் அவர் கை கொடுப்பார் என்று யாரோ கடைசியாகச் சொல்லியிருக்கிறார்கள். விருந்தினர் கனோப்பி மட்டும் மூன்று, பட்டுத்துணி கட்டி, நடுவில் சோபா. பெரியவர் வந்து சேர்ந்தபோது ஆட்டம் ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. மாலை போடுவதற்காக ஆட்டத்தை நிறுத்த முடியுமா என்று பாஸ் என்னைக் கேட்டார். நடுவரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் மாலை மரியாதை எல்லாம் இடைவேளையில், மைதானத்தின் நட்டநடுவில். ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கைதட்ட வேண்டும். ஸ்டீபன் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். தாம்பாளத்தில் மாலையை ஏந்திப் போக ஒரு ஆள் தேவைப்பட்டது. சும்மா இருந்த மாற்று கீப்பரைப் பாஸ் கூப்பிட்டுக்கொண்டார். நல்ல பையன்தான். கலகலவென்று சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை நீட்டினான். பெரியவர் அவன் கன்னத்தைத் தட்டினார்.

இரண்டாம் பாதியில் கவின் ஆடியதை எழுத எனக்குத் தெரியாது. அவ்வளவு நாள் ஆகியும் ஆட்டம் எனக்கு அரைகுறைதான். மூன்று தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூன்று தடவையும் திறந்தபோது பந்து அவன் மார்பில் இருந்தது, அது தெரியும். எண்பது நிமிடம் ஆயிற்று, இரண்டு பக்கமும் கோல் இல்லை. இன்னும் பத்து நிமிடம் இப்படியே ஓடினால் போதும்.

என் கைப்பேசி அதிர்ந்தது. இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருந்த பாஸ் அனுப்பியிருந்தார். "கீப்பர் சேஞ்ச்."

கனோப்பிக்கு ஓடினேன். "பாஸ், என்ன பாஸ் இது?"

"பெரியவர் ஒரு விசயம் சொன்னாரும்மா. அந்த மால கொண்டாந்த தம்பி எவ்ளோ சிரிச்ச முகமா இருக்கான். வருசம் பூரா ஒரு ஓரமா உக்காந்திருக்கான், கடைசி நாளு, அவனுக்கும் ஒரு சான்ஸ் குடுக்கலாமேன்னாரு."

"பாஸ், கவின் நல்லா நிக்கிறான். இன்னும் பத்தே நிமிசம்."

கண்ணாடியைக் கழற்றினார். ஒரு விநாடி எனக்கு நம்பிக்கை வந்தது. பெரியவர் சோபாவிலிருந்து குனிந்து, "பத்து நிமிசம்தானேமா, அதுல என்ன ஆயிடப் போவுது?" என்றார்.

"இவரு சொல்றதுதான் பாயிண்ட்" என்றார் பாஸ்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். கைப்பேசியை அணைத்திருக்கலாம். செய்தி வரவில்லை என்றிருக்கலாம். மாற்று ஆட்டக்காரர் சீட்டில் டீம் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும், போடமாட்டேன் என்று நின்றிருக்கலாம். நான் அவரிடம் சம்பளம் வாங்குகிறவள். இல்லை, அதுகூட முழு உண்மை இல்லை. அந்த மனிதர் முகத்துக்கு எதிராக இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஸ்டீபன் என் கையைப் பிடித்தார்.

"இங்க யாரு கோச்?"

"மன்னிச்சிடுங்க கோச்" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார்.

மாற்று கீப்பரைத் தேடினால் விருந்தினர் மேசைக்குப் பின்னால் பிஹுன் கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, கையுறையில் ஒட்டிய ரோஜா இதழை உதறியபடி உள்ளே ஓடினான். கவின் எங்களைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். எண்பத்தேழாவது நிமிடத்தில் ஒரு கார்னர். பந்து அந்தப் பையன் கைக்குள் வந்தது, வந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

பெரியவர் ஆட்டம் முடியக் காத்திருக்காமல் மாலையோடு கிளம்பிவிட்டார்.

முடிந்ததும் பாஸ் ஆட்டக்காரர்களின் கனோப்பிக்கு வந்தார். அழுதிருந்தார், மறைக்கவும் இல்லை. "என்னப்பா ஆச்சு? எப்பிடி ஆச்சு?" என்று ஒவ்வொருத்தனாகக் கேட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது, நான் சத்தியம் செய்வேன். ஸ்டீபன் வழக்கம்போல முதலில் பேசினார். "நீங்க மாத்தாம இருந்திருக்கணும் பாஸ்" என்றார், கடிகாரத்தைப் பார்த்தார், ரயிலுக்குப் போனார். மாற்று கீப்பர் தேம்பிக்கொண்டிருந்தான். அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கவின் எழுந்து வந்தான்.

"பாஸ், நான் ஒண்ணு சொல்லலாமா?"

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் தொந்தியில் வைத்துக்கொண்டார். கண்ணை மட்டும் அன்றைக்கு மூடவில்லை. கவினும் வாயைக் கையால் மறைக்கவில்லை.

"நீங்க ரொம்ப நல்லவரு பாஸ். எங்கள யாரும் இப்பிடிப் பாத்துக்கிட்டதில்ல. ஆனா கிளப்ப விட்டுடுங்க பாஸ்."

பாஸ் அவன் முகத்தையே, வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்கையைத் தொட்டார்.

"நீ சொல்றதுதான் பாயிண்ட்."

விஷயம் காதில் விழுந்ததும் பொருளாளர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார், பின்னாலேயே உதவித் தலைவர். ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதுமே, எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் பாலா அண்ணன் காரைப் புல்லிலேயே ஏற்றிக் கனோப்பி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். பின்கதவைத் திறந்து பாஸை உட்காரவைத்து, என்னையும் முன்னால் ஏறச் சொல்லி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டினார். பொருளாளர் ஜன்னலைத் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே வந்தார். ஒரு செருப்பு கழன்றுவிட்டது.

பாதி வழியில் பாஸ் கேட்டார், "என்னடா பாலா, நீ என்ன நெனைக்கிறே?"

பாலா அண்ணன் சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரைக்கும் வாய் திறக்கவே இல்லை. நானும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே கடை வாசலில் ஆறு ஜோடி செருப்பு. பாஸ் கடையில் இல்லை. செமினியில் ஒரு கல்யாணத்துக்குக் கனோப்பி போட லோரியில் வேலைக்காரர்களோடு தானே போய்விட்டார், கைப்பேசியை என் மேசையில் வைத்துவிட்டு. அது நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. ஆறு பேரும் அரட்டை அடித்தார்கள், டீ குடித்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு பாஸ் பின்வாசல் வழியாக வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, அந்தத் தம்பிக்குப் பல்லு என்னாச்சு?"

"நம்ம ஆட்டத்துலதான் பாஸ் போச்சு. போன வருசம்."

"நம்ம கிளப்புக்கு ஆடியா?"

"ஆமா பாஸ்."

மேசையில் இருந்த பென்சிலை எடுத்து உருட்டினார். "வருசம் பூரா எல்லாரும் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னீங்க. இத மட்டும் ஒருத்தரும் சொல்லலியேம்மா."

நானும்தான் சொல்லவில்லை. டிரைவரிடம் சொன்னவள் இவரிடம் சொல்லவில்லை. இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அலட்சியம்தான், வேறு என்ன? அடுத்த அறையில் பொருளாளர் இருமினார்.

பாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வெலகுறது சரிதானாம்மா? நீ சொல்லு."

இரண்டு வருடமாக அந்த ஆறு பேரும் எந்த இடத்துக்கு அடித்துக்கொண்டார்களோ அந்த இடத்தில் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் பாஸ், இருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்திருப்பார். அவர் போய்விட்டால் ஐஸ் பெட்டி போய்விடும், பஸ் போய்விடும், வெயிலில் உட்காரக்கூடாது என்று கவலைப்பட ஒரு ஆள் போய்விடுவார். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"அந்தத் தம்பி சொன்னதுதான் பாயிண்ட், பாஸ்."

பாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "லெட்டர டைப் பண்ணும்மா" என்றார்.

நாலே வரி. அச்செடுத்து நீட்டினேன். பாஸ் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, "நீயே வெளிய போய் அவங்ககிட்ட குடுத்துடு, நான் வந்தா பேசுவாங்க" என்றார். அந்தக் கிளப்புக்காக நான் டைப் செய்த எதையும் திரும்ப மாற்றச் சொல்லாமல் அவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.